வளர்ப்புச் சோதனை: மாதிரி எடுப்பது முதல் முடிவைப் படிப்பது வரை நேரும் தவறுகள்

சிறுநீரிலோ இரத்தத்திலோ உள்ள கிருமியை வளர்த்து, அது எந்த மருந்துக்கு அடங்கும் என்று காட்டும் வளர்ப்புச் சோதனையைப் பார்த்து மருத்துவர்கள் பொருத்தமான ஆன்டிபயாட்டிக்கை உறுதிசெய்கிறார்கள். சிங்கப்பூர் 2017ஆம் ஆண்டு மருந்தெதிர்ப்புக்கு, அதாவது கிருமிகள் மருந்துக்கு அடங்காமல் போவதற்கு, எதிராகத் தேசியச் செயல்திட்டம் ஒன்றை அறிவித்தது. அத்தகைய திட்டங்களுக்கு வேண்டிய கணக்குகளும் இந்தச் சோதனை முடிவுகளிலிருந்தே திரள்கின்றன. அதனால், மாதிரி எடுக்கும்போது நேரும் தவறு ஒரு நோயாளியோடு நின்றுவிடுவதில்லை.

என்னை மிகவும் வருத்தும் தவறு, சோதனைக்கு முன்பே மருந்து கொடுத்துவிடுவது. சிங்கப்பூரில் மருத்துவர் எழுதித் தராமல் ஆன்டிபயாட்டிக் வாங்க முடியாது. ஆனாலும், ஊருக்குப் போய்வரும்போது வாங்கி வந்த சிப்ரோஃப்ளாக்சசினோ, சென்ற முறை மிஞ்சிய மாத்திரைகளோ சில வீடுகளில் இருக்கும். பாட்டிக்குக் காய்ச்சலும் நீர்க்கடுப்பும் வந்தவுடன் அதில் இரண்டைக் கொடுத்துவிட்டு, மறுநாள் பலதுறை மருந்தகத்துக்கு அழைத்துச் சென்றால், முழுதும் சாகாமல் ஒடுங்கியிருக்கும் கிருமி ஆய்வுக்கூடத் தட்டில் வளராமல் போகலாம். அந்த ‘வளர்ச்சி இல்லை’ என்ற முடிவைத் தொற்றே இல்லை என்று குடும்பத்தார் எடுத்துக்கொள்வார்கள். கொடுத்துவிட்டால், மருந்தின் பெயரையும் கொடுத்த நேரத்தையும் தயங்காமல் சொல்லிவிட வேண்டும். அண்மையில் வெளிநாட்டு மருத்துவமனையில் தங்கியிருந்தால் அதையும் சொல்ல வேண்டும். மருந்துக்கு அடங்காத கிருமிகள் நோயின் அறிகுறியே இல்லாமல் குடலில் தங்கி உடன் வரக்கூடியவை.

சிறுநீர் மாதிரியில் முதலில் வரும் நீரை விட்டுவிட்டு நடுவில் வருவதைப் பிடிக்க வேண்டும் என்பது பலருக்குத் தெரியும். பிடித்த பிறகு நேரும் தாமதத்தைத்தான் யாரும் பெரிதாக எண்ணுவதில்லை. சிறுநீர்த் தொற்றை அடிக்கடி உண்டாக்கும் ஈ.கோலை கிருமி உகந்த சூழலில் ஏறத்தாழ 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகும். ஆகவே நம் ஊர் வெப்பத்தில் பையில் சில மணி நேரம் கிடக்கும் குப்பியில், தோலிலிருந்து தவறி விழுந்த சில கிருமிகளும் தொற்றைப்போலத் தோற்றமளிக்கும் அளவுக்குப் பெருகிவிடலாம். இரண்டு மணி நேரத்துக்குள் கொடுக்க இயலாவிட்டால் குளிர்பதனப் பெட்டியில் வைக்க வேண்டும். இரத்த மாதிரிக்கோ குளிர்ச்சி ஆகாது.

கிருமி வளர்ந்தாலே மருந்து வேண்டும் என்பதும் தவறு. எரிச்சலோ காய்ச்சலோ இல்லாத முதியவர்களின் சிறுநீரில் கிருமி இருப்பது சாதாரணம். கர்ப்பம், சில சிறுநீர்ப்பாதை அறுவை சிகிச்சைகள் போன்ற நிலைகளைத் தவிர, அறிகுறி இல்லாமல் இருக்கும் கிருமிக்கு ஆன்டிபயாட்டிக் கொடுப்பதால் பயனில்லை. முடிவுத்தாளில் ஒவ்வொரு மருந்துக்கும் எதிரே உள்ள, கிருமியின் வளர்ச்சியைத் தடுக்க வேண்டிய மிகக் குறைந்த மருந்தளவைக் காட்டும் எண்களை ஒப்பிட்டு, சிறிய எண் கொண்ட மருந்தே வலியது என்று கருதுவதும் பொருந்தாது, ஏனெனில் கிருமி அடங்கும், அடங்காது என்று பிரிக்கும் எல்லைக்கோடு மருந்துக்கு மருந்து வேறு.

ஆய்வில் ஈடுபடும் மாணவர்களும் கவனமாக இருக்க வேண்டும். ஒரே நோயாளியிடம் ஐந்து முறை எடுத்த, மருந்துக்கு அடங்காத ஒரே கிருமியை ஐந்தாக எண்ணினால் மருந்தெதிர்ப்பு விகிதம் பொய்யாக உயரும். நீண்ட நாள் படுத்திருப்பவர்களிடமே மாதிரி மீண்டும் மீண்டும் எடுக்கப்படுவதால் இந்தப் பிழை பெரும்பாலும் விகிதத்தை உயர்த்தும் பக்கமே சாயும். ஆண்டுத் தொகுப்பில் ஒரு நோயாளிக்கு ஒவ்வொரு கிருமி இனத்தின் முதல் மாதிரியை மட்டும் சேர்ப்பதும், 30க்குக் குறைவான மாதிரிகளுக்கு விழுக்காடு போடாமல் விடுவதும் தவறான விகிதங்களைத் தவிர்க்க வகுக்கப்பட்ட நெறிகள்.