கால் நரம்பு கிராஃப்டில் கை வைக்கிறவர்களுக்கு

எங்கள் ராமநாதபுரம் பக்கம் பைபாஸ் செய்துகொண்டவரைக் கேட்டால், "கால் நரம்ப எடுத்து நெஞ்சுல வச்சிருக்காக" என்பார். கிராஃப்ட் என்று நாங்கள் சொல்லும் அந்த நரம்புகளில் ஏறக்குறைய பாதி பத்து வருடத்தில் அடைத்துக்கொள்கின்றன. உள்ளே இருப்பது உதிர்ந்து விழும் கொழுப்பு. அடைப்பைத் திறக்க விடும் ஒயர் உரசினாலே துணுக்கு கிளம்பி இதயத் தசைக்குள் இறங்கிவிடும். ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் ஹெப்பரினை மறப்பது, குழாயில் காற்று விடுவது பற்றியெல்லாம் எழுதப்போவதில்லை; இந்தக் கிராஃப்டுக்கே உரிய தவறுகள் மட்டும்.

பாதுகாப்பு இல்லாமல் இறங்குவது

2002இல் வந்த சேஃபர் ஆய்வில் 801 பேர். அடைப்புக்குக் கீழே பலூனால் மறித்து, துணுக்கை உறிஞ்சி எடுத்தவர்களில் 30 நாளில் பெரிய பாதிப்பு 9.6%, மற்றவர்களில் 16.5%. "சின்ன அடைப்புதானே சார்" என்று இனி என்னிடம் வராதீர்கள்.

நிறைந்த ஃபில்டரை அப்படியே உருவுவது

துணுக்கைப் பிடிக்க அடைப்புக்குக் கீழே விரிக்கும் சின்ன வலைதான் ஃபில்டர். ஸ்டெண்ட் வைத்தாயிற்று. சாயம் விட்டால் கிராஃப்டுக்குள்ளேயே தேங்கி நிற்கிறது. நோயாளி நெஞ்சைப் பிடிக்கிறார். ஜூனியரின் கை உடனே ஃபில்டரை மூடப் போகிறது. எத்தனை முறை சொன்னாலும் போகிறது!

ஃபில்டர் நிறைந்ததால்தான் பெரும்பாலும் ரத்தம் நிற்கிறது. அதன் வாய்க்கு மேலே நிற்கும் ரத்தத்திலும் துணுக்கு மிதக்கும். மூடினால் அத்தனையும் ஒரே பாய்ச்சலில் கீழே போகும். முதலில் அதே ஒயரில் உறிஞ்சுகுழாயை ஃபில்டர் வாய்வரை இறக்கி, இரண்டு சிரிஞ்ச் ரத்தம் இழுங்கள். பிறகு மூடுங்கள். அப்போதும் ஃபில்டரை முழுக்க உறைக்குள் திணிக்காதீர்கள், பிடித்த துணுக்கு பிதுங்கிவிடும். வாய் மட்டும் மூடினால் போதும், மெதுவாக வெளியே வரட்டும்.

நானும் உருவியவன்தான். தங்கச்சிமடத்து மீனவர், பைபாஸ் ஆகிப் பதிமூன்று வருடம். உருவிய நிமிடமே பிரஷர் 70, ஈ.சி.ஜி.யில் மாரடைப்பைக் காட்டும் எஸ்.டி. கோடு மலையாக எழும்பியது. ஒரு பக்கம் பிரஷரை ஏற்ற நோரட்ரினலின், கிராஃப்டுக்குள் நுண்குழாய்களை விரிக்கத் திரும்பத் திரும்ப அடினோசின். ரத்தம் ஓட நாற்பது நிமிடம் ஆனது. மூன்றாம் நாள் வார்டில் நடந்ததை மறைக்காமல் சொன்னேன். கேட்டுவிட்டு, "மடி நெறஞ்ச வலைய வாயக் கூட்டாமயா இழுத்தீக?" என்றார். இப்போது அவர் கடலுக்குப் போவதில்லை. கரையில் உட்கார்ந்து கிழிந்த வலை தைத்துக் கொடுக்கிறார்.

பெரிய ஸ்டெண்ட், கூடுதல் பலூன்

படத்தில் அழகாகத் தெரிவதற்காக ஊதாதீர்கள், கொழுப்பு இன்னும் உதிரும்.

தட்டணு மருந்தை நம்பி ஃபில்டரை விடுவது

உதிர்வது பெரும்பாலும் கொழுப்பு. தட்டணுக்கள் ஒட்டுவதைத் தடுக்கும் அந்த மருந்துக்கு அங்கே பெரிதாக வேலையில்லை.

கிராஃப்டையே பிடித்துத் தொங்குவது

இதயத்தின் சொந்த ரத்தக்குழாயைத் திறக்க முடியுமா என்று முதலில் பாருங்கள். பல வருடம் மூடிக் கிடந்த குழாய் என்றால் நேரம் பிடிக்கும், பழகிய கை வேண்டும். நோயாளி நிலையாக இருந்தால் மதுரைக்கு அனுப்புங்கள், இரண்டு மணி நேரப் பயணம்தான்.