எலெக்ட்ரிக் ஷவரா, பாய்லர் வெந்நீரில் ஓடும் மிக்ஸர் ஷவரா? பிரிட்டன் வீட்டுக்கு ஒரு வழிகாட்டி

பிரிட்டனில் குளியலறையைப் புதுப்பிக்க நினைப்பவர்கள் முதலில் கடைக்குச் சென்று ஷவர்களைப் பார்க்கிறார்கள். அதற்கு முன் பாய்லர் இருக்கும் அலமாரியைத் திறந்து பார்க்க வேண்டும், கூரைக்கடியில் உள்ள பரணில் தண்ணீர்த் தொட்டி இருக்கிறதா என்றும் ஏறிப் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. எதைப் பொருத்துவது என்பதற்குப் பாதி விடை அந்த இரண்டு இடங்களிலேயே இருக்கிறது. (ஊரில் கொல்லைப்புறத்தில் விறகு வைத்து எரித்த செப்புப் பாய்லரை மறந்துவிடுங்கள், இங்கே பாய்லர் என்றால் சுவரில் தொங்கும் எரிவாயுக் கருவி.)

எலெக்ட்ரிக் ஷவருக்குக் குளிர்நீர்க் குழாய் ஒன்று போதும். பெட்டிக்குள் இருக்கும் மின்கம்பிச் சுருள், நீர் கடந்து செல்லும் அந்தச் சில நொடிகளிலேயே அதைச் சூடாக்குகிறது. பாய்லர் பழுதானாலும் இதில் குளிக்கலாம். மிக்ஸர் ஷவரோ தானாக எதையும் சூடாக்குவதில்லை. வேறிடத்தில் சூடான நீரையும் குளிர்நீரையும் கலந்து தருவது மட்டுமே அதன் வேலை.

வேறுபாடு குளிர்காலத்தில்தான் தெரியும். கடைகளில் கிடைக்கும் எலெக்ட்ரிக் ஷவர்கள் பெரும்பாலும் 7.5 முதல் 10.5 கிலோவாட் வரை திறன் கொண்டவை. ஜனவரியில் குழாய்நீர் 5 டிகிரியில் வருகிறது என்று கொண்டால், அதை 40 டிகிரிக்கு உயர்த்தும்போது 9.5 கிலோவாட் ஷவரால் நிமிடத்துக்கு 4 லிட்டருக்கும் சற்றுக் குறைவாகவே தர முடியும். ஜூலையில் நீர் 18 டிகிரியில் வந்தால் அதே ஷவர் 6 லிட்டருக்கு மேல் தரும். ஷவரில் குறை எதுவும் இல்லை, கணக்கு அப்படி. சிலிண்டர் இல்லாமல் நீரை உடனுக்குடன் சூடாக்கும் காம்பி பாய்லர், வெந்நீருக்கு 24 கிலோவாட் தருவதானால், அதே ஜனவரி நாளில் 10 லிட்டரை நெருங்கும். எண்ணெய் தேய்த்துச் சீயக்காய் போட்ட நீண்ட கூந்தலை அலசுபவருக்கு 4 லிட்டருக்கும் 10 லிட்டருக்கும் உள்ள தூரத்தை யாரும் விளக்கத் தேவையில்லை.

ஆனால் எல்லா வீட்டிலும் மிக்ஸர் ஷவர் இப்படி ஓடாது. காம்பி பாய்லர் என்றால், தெருக்குழாயின் அழுத்தமே வெந்நீருக்கும் கிடைப்பதால் மிக்ஸர் நன்றாக வேலை செய்யும். ஒரே நேரத்தில் இரண்டு பேர் குளித்தால் மட்டும் இருவருக்கும் நீர் குறையும். பரணில் தொட்டியும் கீழே வெந்நீர்ச் சிலிண்டரும் உள்ள பழைய அமைப்பில், தொட்டிக்கும் ஷவர் தலைக்கும் இடையே உள்ள உயரமே அழுத்தம். 1 மீட்டர் உயரத்துக்கு 0.1 பார் (bar) அழுத்தம்தான் கிடைக்கும் என்பதால், பம்ப் இல்லாவிட்டால் நீர் சொட்டுவதுபோல் வரும். இந்த அமைப்பில் வெந்நீரைத் தொட்டி வழியாகவும் குளிர்நீரை நேரே தெருக்குழாயிலிருந்தும் எடுத்துச் சாதாரண மிக்ஸரில் கலக்கக் கூடாது. அழுத்தம் கூடிய குளிர்நீர் வெந்நீரை வந்த வழியே திருப்பித் தள்ளிவிடும். பம்ப் பொருத்துவது தொட்டி அமைப்புக்கு மட்டுமே உரியது, காம்பி பாய்லருக்கு அல்ல. தெருக்குழாய் அழுத்தத்தில் இயங்கும் மூடிய சிலிண்டர் உள்ள வீட்டுக்காரர்கள் தயங்காமல் மிக்ஸரை எடுக்கலாம்.

எதை வாங்குவதானாலும், சமையலறைக் குளிர்நீர்க் குழாயை முழுதாகத் திறந்து, ஒரு நிமிடத்தில் வாளியில் எத்தனை லிட்டர் சேர்கிறது என்று அளந்து பாருங்கள். 10 லிட்டர்கூடச் சேரவில்லை என்றால் எவ்வளவு பெரிய காம்பி பாய்லர் இருந்தும் அதன் முழுப் பயன் ஷவரில் கிடைக்காது.

மின்சாரத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் இதில் நானே தவறு செய்தேன். எங்கள் வீட்டில் 7.5 கிலோவாட் ஷவர் பழுதானபோது அதே இடத்தில் 9.5 கிலோவாட் ஷவரை மாட்டச் சொன்னேன். வந்தவரும் கேபிளைப் பார்க்காமல் மாட்டிவிட்டுப் போனார். சில வாரங்களில் கூரையில் தொங்கும் கயிற்று ஸ்விட்ச்சைச் சுற்றிப் பழுப்பு நிறம் படர்ந்தது; கழற்றியபோது உள்ளே பிளாஸ்டிக் உருகியிருந்தது. 9.5 கிலோவாட் ஷவர் ஏறத்தாழ 40 ஆம்பியர் இழுக்கும். அதற்குப் பெரும்பாலும் 10 சதுர மில்லிமீட்டர் கேபிள், தனி மின்சுற்று, தகுந்த பிரேக்கர், மின்கசிவு ஏற்பட்டால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.டி. பாதுகாப்பு ஆகியவை வேண்டும். இங்கிலாந்தில் இதற்காகப் புதிய மின்சுற்று இழுத்தால், கட்டட விதிகளின் பார்ட் பி (Part P) பகுதிப்படி, பதிவுபெற்ற எலெக்ட்ரீஷியன் செய்து சான்றிதழ் தர வேண்டும், இல்லாவிட்டால் உள்ளாட்சிக்கு முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். மின்காரை வீட்டிலேயே சார்ஜ் செய்பவர்கள் பிரதான ஃபியூஸ் அந்தச் சுமையையும் சேர்த்துத் தாங்குமா என்று கேட்டுக்கொள்வது அவசியம். பாய்லரில் எதைத் தொடுவதானாலும் எரிவாயு வேலைக்கான கேஸ் சேஃப் (Gas Safe) பதிவுள்ளவரே தொட வேண்டும்.

செலவை அலகு விலையை மட்டும் வைத்து முடிவு செய்வது தவறு. அண்மை ஆண்டுகளில் மின்சார அலகின் (கிலோவாட்-மணி) விலை எரிவாயு அலகைப்போல் ஏறத்தாழ நான்கு மடங்கு. ஆயினும் குளிர்காலத்தில் 10 நிமிடக் குளியலுக்கு 9.5 கிலோவாட் ஷவர் 1.6 அலகு மின்சாரமே எடுக்கும். நிமிடத்துக்கு 10 லிட்டர் ஊற்றும் மிக்ஸருக்கு இழப்பையும் சேர்த்து 4.5 அலகு எரிவாயு தேவைப்படும். ஆக, எலெக்ட்ரிக் ஷவரின் எரிசக்திச் செலவு ஒன்றரை மடங்குக்கும் சற்றுக் குறைவாகவே வரும். தண்ணீருக்கு மீட்டர் இருந்தால், ஒன்று 40 லிட்டரும் மற்றது 100 லிட்டரும் செலவழிப்பதால், இந்த வித்தியாசமும் கரைந்துவிடும்.

மிக்ஸர் என்று முடிவு செய்தால் தெர்மோஸ்டாட் உள்ளதையே வாங்குங்கள். சமையலறையில் யாராவது குழாயைத் திறந்தாலும் குளிப்பவர்மீது கொதிநீர் பாயாது, குளிர்நீர் நின்றுபோனால் அதுவே நீரை அடைத்துவிடும். குழந்தைகளும் முதியவர்களும் உள்ள வீட்டில் இதில் சிக்கனம் பார்க்கக் கூடாது. லண்டன் போன்ற கடினநீர்ப் பகுதிகளில் இரண்டு வகையிலும் சுண்ணாம்பு படியும். ஷவர் தலையை அவ்வப்போது வினிகரில் ஊறவைப்பது நல்லது. எரிவாயு இணைப்பே இல்லாத அடுக்ககத்தில் எலெக்ட்ரிக் ஷவர்தான் பெரும்பாலும் எளிய வழி. இரண்டு குளியலறைகள் இருந்தால் ஒன்றில் மிக்ஸரும் மற்றதில் எலெக்ட்ரிக் ஷவரும் வைப்பேன், ஏனெனில் பாய்லர் பழுதாவதற்குத் தேர்ந்தெடுப்பது எப்போதும் பனி கொட்டும் வாரத்தைத்தான்.

பழையதைக் கழற்றும்போது, தண்ணீர்க் குழாய் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது, கேபிள் எங்கே நுழைகிறது என்று படம் எடுத்து வைத்துக்கொண்டு, அதற்குப் பொருந்தும் மாடலையே கேட்டு வாங்குங்கள். இல்லாவிட்டால் ஷவரின் விலையைவிட டைல்ஸ் உடைத்து மறுபடி ஒட்டும் கூலி அதிகமாகிவிடும்.