கிம்பல் மவுண்ட்டில் எதை இறுக்குவது, எதை விடுவது

கோயில் கோபுரத்தைச் சுற்றி ட்ரோனில் எடுத்த வீடியோவைக் கணினியில் போட்டுப் பார்த்தால், கோபுரம் நுங்கு மாதிரி தளதளவென்று ஆடும். ட்ரோன்காரர்கள் இதை 'ஜெல்லோ' என்பார்கள். கேமரா சென்சார் ஒரு படத்தை மொத்தமாக எடுப்பதில்லை, வரிவரியாகப் படிக்கிறது. படித்து முடிப்பதற்குள் கேமரா நடுங்கினால் ஒவ்வொரு வரியும் கொஞ்சம் தள்ளி விழும். இதைப் பார்த்ததும் கேமராவைத் தாங்கும் மவுண்ட் லொடலொடவென்று இருக்கிறது, இறுக்கிவிடலாம் என்றுதான் எல்லோருக்கும் தோன்றும். நினைப்பு பாதி சரி. எதை இறுக்குவது என்பதில்தான் சறுக்குகிறோம்.

நானும் சறுக்கியிருக்கிறேன். 450 மில்லிமீட்டர் சட்டகம், 10 அங்குல இறக்கைகள், கீழே ஆக்‌ஷன் கேமராவுக்கான சின்ன கிம்பல் (ட்ரோன் சாய்ந்தாலும் கேமராவைச் சாயாமல் நிறுத்தும் கருவி). நடுவில், அதிர்வைத் தடுக்க நான்கு ரப்பர் டேம்பர். விரலால் தட்டினாலே கேமரா ஆடியது. அது பொறுக்காமல் நான்கு மூலையிலும் மேல் பிளேட்டையும் கீழ் பிளேட்டையும் சேர்த்துக் கேபிள் டை போட்டு இழுத்துக் கட்டினேன். கையில் பிடித்தால் கல் மாதிரி இருந்தது. பறக்கவிட்டுப் பார்த்தால் முன்னைவிட மோசம்.

காரணத்தைக் கணக்கில் பார்த்துவிடலாம். மோட்டார் நிமிடத்துக்கு 5,500 சுற்று சுற்றுகிறது என்று வையுங்கள். சமநிலை இல்லாத இறக்கை ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முறை உலுக்கும். அதாவது நொடிக்குச் சுமார் 92 முறை. ரப்பரில் தொங்கும் கேமராவுக்கும் சொந்தமாக ஓர் ஆட்ட வேகம் உண்டு. அது 20 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 20 முறை என்றால், மேலிருந்து வரும் 92 ஹெர்ட்ஸ் அதிர்வில் ஏறக்குறைய 5 சதவீதம்தான் கேமராவுக்கு இறங்கும். ரப்பரை இறுக்கி அதை 40 ஆக்கினால் 23 சதவீதம் இறங்கும். 65 ஹெர்ட்ஸைத் தாண்டினால் ரப்பர் தடுப்பதை விட்டுவிட்டு அதிர்வைப் பெருக்கவே தொடங்கிவிடும். நான் கேபிள் டை போட்டுச் செய்தது அதுதான். டேம்பர் கையில் தளர்வாகத் தெரிவது குறையல்ல, அதன் வேலையே அது. விபத்தில் பிய்ந்து விழக்கூடாது என்றால் ஒரு நூலையோ கேபிள் டையையோ தொளதொளவென்று வளையமாக விடுங்கள், இழுத்துக் கட்டாதீர்கள்.

அப்படியானால் விறைப்பாக இருக்க வேண்டியது எது? ரப்பருக்கு மேலே சட்டகத்தோடு சேரும் பிளேட், கீழே கிம்பல் தொங்கும் பிளேட், இந்த இரண்டும்தான். இவை வளைந்தால் அவையே தனி ஸ்பிரிங் ஆகிவிடும், ரப்பரைப் பற்றிய நம் கணக்கு நிற்காது. இங்கே ஒரு நல்ல சேதி உண்டு. தகட்டின் விறைப்பு அதன் தடிமனின் மும்மடிக்கு (தடிமன் × தடிமன் × தடிமன்) ஏற்ப ஏறும். 1.5 மில்லிமீட்டர் தகட்டை 2 மில்லிமீட்டராக மாற்றினால் எடை மூன்றில் ஒரு பங்குதான் கூடும், விறைப்போ 2.4 மடங்கு ஆகும். நீளத்துக்கும் அதே மும்மடிதான், ஆனால் தலைகீழாக. சட்டகத்துக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் பிளேட்டின் நீளத்தைப் பாதியாக்கினால் அது எட்டு மடங்கு விறைக்கும். அதனால் தடித்த பிளேட் வாங்க ஓடுவதற்கு முன், கிம்பலைக் கொஞ்சம் உள்ளே தள்ள முடியுமா என்று பாருங்கள். காசு செலவில்லை. முன்பாரமும் குறையும்.

சிலர் பிளேட்டை 3டி பிரிண்டரில் பிஎல்ஏ என்ற பிளாஸ்டிக்கில் அச்சடிக்கிறார்கள். விறைப்புக்கு அது மோசமில்லை, ஆனால் 60 டிகிரி வாக்கில் இளகிவிடும். மே மாத மதியம் காருக்குள் வைத்துவிட்டுச் சாப்பிடப் போனால், வரும்போது பிளேட் வளைந்திருக்கும். கார்பன் தகடு என்றால் அந்தக் கவலை இல்லை. ஆனால் அது மின்சாரம் கடத்தும், வெட்டிய விளிம்பும் கூர்மை. ஒயர் உரசும் இடத்தில் டேப் ஒட்டுங்கள்.

ஒயர் என்றதும் ஞாபகம் வருகிறது. பலர் கண்ணிலேயே படாத தவறு இது. நான்கு ரப்பரும் பிரமாதமாக வேலை செய்யும், பக்கத்தில் ஒரு தடித்த வீடியோ கேபிள் சட்டகத்திலிருந்து நேரே கேமராவுக்குப் போகும். அதிர்வு ரப்பரைச் சீண்டாமல் அந்தக் கேபிள் வழியே இறங்கிவிடும். மெல்லிய சிலிக்கான் ஒயரைத் தளர்வாக ஒரு சுருள் விட்டுக் கொண்டுபோங்கள்.

திருகுகள் அதிர்வில் கழலாமல் இருக்கப் பூட்டுப் பசை போடுவது நல்ல பழக்கம். உலோகத்தில் உலோகம் ஏறும் இடத்தில் மட்டும், நீல நிறப் பசை. பாலிகார்பனேட், ஏபிஎஸ் மாதிரியான பிளாஸ்டிக்கில் அது பட்டால் சில நாளில் விரிசல் விடும்.

இவ்வளவும் செய்த பிறகும் ஆடினால்? உண்மையில் இந்தக் கேள்வியை முதலில் கேட்டிருக்க வேண்டும். இறக்கைகளைக் கழற்றிவிட்டு மோட்டாரை ஓட்டிப் பாருங்கள். அதிர்வு காணாமல் போனால் குற்றவாளி இறக்கைதான், லேசான பக்கத்தில் செலோடேப் துண்டு ஒட்டிச் சமன் செய்யுங்கள். அப்படியும் அதிர்ந்தால் மோட்டாரின் பேரிங்கையும் தண்டையும் பாருங்கள். மோட்டார் ஓடாமல் தரையில் இருக்கும்போதே கிம்பல் 'கொர்ர்ர்' என்று நடுங்குகிறதா? அப்படியானால் மவுண்ட்டைத் தொடவே வேண்டாம். கேமராவைச் சமன் செய்து மாட்டியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, கிம்பல் அமைப்பில் பி (P) மதிப்பை, அதாவது சாய்வைக் கிம்பல் எவ்வளவு பலமாகத் திருத்துகிறது என்ற அளவை, கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள்.

சோதிக்கும்போது கேமராவின் என்டி ஃபில்டரை (வெளிச்சத்தைக் குறைக்கும் கறுப்புக் கண்ணாடி) கழற்றிவிடுங்கள். அது ஷட்டரை மெதுவாக்கி, ஜெல்லோவை மங்கலாக்கி மறைத்துவிடும். நல்ல வெயிலில், வேகமான ஷட்டரில், ஒரே இடத்தில் 30 நொடி நிறுத்திப் படம் எடுங்கள். ஒரு தடவைக்கு ஒரு மாற்றம்தான். நான் ஒரே நாளில் பிளேட், ரப்பர், இறக்கை மூன்றையும் மாற்றினேன். வீடியோ சரியாகிவிட்டது, எதனால் என்று இன்றுவரை தெரியாது.