நகரும் கதவு பாதியில் திரும்பினால் முதலில் தடத்தைப் பாருங்கள்

கியா கார்னிவல், டொயோட்டா வெல்ஃபயர் போன்ற வண்டிகளில் பொத்தானை அழுத்தியதும் பக்கவாட்டுக் கதவு தானாக நகர்வது மின் மோட்டாரின் வேலை. கதவின் எடையைத் தாங்குபவையோ மேல், நடு, கீழ் தடங்களில் ஓடும் சிறு சக்கரங்கள். பெசன்ட் நகர் கடற்கரைக்குப் போய்வந்த மறுநாள், எங்கள் வண்டியின் இடப்பக்கக் கதவு பாதி மூடி, பீப் ஒலியுடன் மீண்டும் திறந்துகொண்டது. மோட்டார்தான் போய்விட்டது என்று நினைத்தேன். டார்ச் அடித்துப் பார்த்தபோது, பழைய கிரீஸில் குழைந்த மணலும் கசங்கிய சுண்டல் பொட்டலக் காகிதமும் கீழ்த் தடத்தை அடைத்திருந்தன.

மூடும்போது வழக்கத்துக்கு மீறிய தடை ஏற்பட்டால், யாருடைய விரலோ சிக்கியிருப்பதாகக் கொண்டு கட்டுப்பாட்டுக் கருவி கதவைத் திருப்பி அனுப்பிவிடும். அதற்கு மணலும் விரலும் ஒன்றுதான். ஆகவே, டாஷ்போர்டு அருகிலோ கூரையிலோ உள்ள மின்கதவு சுவிட்சை அணைத்துவிட்டு (கை உள்ளே இருக்கும்போது கதவு நகரக் கூடாதல்லவா), பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தடத்தைச் சுரண்டி, ஈரத்துணியால் துடைத்து, நன்கு காய்ந்தபின் கையேட்டில் குறிப்பிட்ட மசகை மெல்லிய படலமாக மட்டும் பூசுங்கள். தாராளமாக அப்பினால் அடுத்த கடற்கரைப் பயணத்தின் மணல் முழுவதும் அதில்தான் ஒட்டும். ரப்பர் விளிம்பையும் துடைத்துவிடுங்கள். பல வண்டிகளில் விரல் சிக்குவதை உணரும் பட்டை அங்கேதான் இருக்கிறது. தடம் சுத்தமாக இருந்தும் கதவு தயங்கினால், பேட்டரியைச் சோதித்துப் பாருங்கள்.