ஆணுக்கு மரபணு டெஸ்ட்: எப்போது, எப்படி

ஹட்டனில் ஒரு லேப்பில் விந்து மாதிரியை மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பது என் வேலை. குழந்தை இல்லையென்று மருமகளைக் கோயில் கோயிலாகக் கூட்டிப் போய் அலுத்த பிறகுதான் மகனை இங்கே அனுப்புவார்கள். அவனோ வந்ததும், "அண்ணே, நேரா ஜீன் டெஸ்டே எடுத்திடலாமா?" என்பான்.

முதலில் விந்துப் பரிசோதனை, தம்பி. இரண்டு நாளுக்குக் குறையாமல், ஏழு நாளுக்கு மேல் போகாமல் விந்து வெளியேறாதபடி இருந்துவிட்டு வா. லேப்பிலேயே கொடுப்பது நல்லது. மஸ்கெலியாப் பக்கத் தோட்டத்திலிருந்து பஸ்ஸில் கொண்டுவந்தால் ஒரு மணி நேரம் சுலபமாகத் தாண்டிவிடும். அதற்குள் மாதிரி எங்கள் கைக்கு வர வேண்டும். வீட்டில்தான் முடியும் என்றால், லேப் தரும் கப்பில் எடுத்துச் சட்டைக்குள் உடம்போடு ஒட்டி வைத்துக்கொள். மார்கழிக் குளிரில் கையில் பிடித்து வந்தால் நல்ல விந்தணுவும் சோர்ந்துபோகும். ஜாம் போத்தல் வேண்டாம், ஆணுறை வேண்டவே வேண்டாம். முதலில் வருவதில்தான் அணுக்கள் அதிகம். அது சிந்திவிட்டால் வெட்கப்படாமல் சொல்லிவிடு.

விந்தணு எண்ணிக்கைக்கு உலக சுகாதார நிறுவனம் 2021இல் தந்த கீழ் அளவு, ஒரு மில்லிலீற்றருக்கு 16 மில்லியன். கொஞ்சம் குறைந்தால் அப்பாவாக முடியாது என்றில்லை. அணு உருவாக இரண்டரை மாதமளவில் ஆகும். இடையில் டெங்குவோ எலிக்காய்ச்சலோ வந்திருந்தால் எண்ணிக்கை விழுந்திருக்கும், மூன்று மாதம் கழித்துத் திரும்பக் கொடு. ஜிம்மில் யாராவது டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டுவிட்டார்களா? அதையும் டொக்டரிடம் சொல். அந்த ஊசி அணு உற்பத்தியையே நிறுத்திவிடக்கூடும்.

அணுவே இல்லை, அல்லது மில்லிலீற்றருக்கு 5 மில்லியனுக்கும் குறைவு என்று மறுபடியும் வந்தால்தான் மரபணுப் பேச்சு. முதலில் ஹோர்மோன் பார்ப்பார்கள். அதற்குக் காலையிலேயே இரத்தம் கொடுக்க வேண்டும், முதல் பஸ்ஸைப் பிடி.

அப்புறம் இரண்டு இரத்தச் சோதனை. ஒன்று கரியோடைப், அதாவது மரபணுக்களைத் தாங்கும் குரோமோசோம்களை எண்ணிப் பார்ப்பது. அதற்குப் பச்சை மூடிக் குழாய். உயிருள்ள செல்லை வளர்த்துப் பார்ப்பதால் இரத்தம் கிடப்பில் கிடக்கக்கூடாது. எங்களிடம் எடுப்பது கொழும்புக்குப் போக வேண்டும் என்பதால், போயா லீவுக்கு முந்தின நாள் வந்தால் திருப்பி அனுப்பிவிடுவேன். ஒரு எக்ஸ் குரோமோசோம் கூடுதலாக இருக்கும் கிளைன்ஃபெல்டர் நிலை இதில்தான் தெரியும். 500 முதல் 1000 ஆண்களில் ஒருவருக்கு அது உண்டு, பலருக்குக் கல்யாணம் வரை தெரியாது.

மற்றது ஊதா மூடி, அப்பாவிடமிருந்து மகனுக்கு மட்டும் போகும் வை குரோமோசோமில் துண்டு விடுபட்டிருக்கிறதா என்று பார்க்க. ரிப்போர்ட்டில் ஏ.இஸட்.எஃப் (அணு உற்பத்திக்கு வேண்டிய வை பகுதி) என்பதற்குப் பின்னால் வரும் எழுத்தைத்தான் கவனமாகப் பார்க்க வேண்டும். ஏ அல்லது பி முழுதாக இல்லை என்றால், விதையிலிருந்து அணு எடுக்கும் ஒபரேஷனில் அநேகமாக ஒன்றும் கிடைக்காது. காணியை ஈடு வைத்து அதைச் செய்யாதே. சி மட்டும் இல்லை என்றால் பலருக்கு அணு கிடைக்கிறது, ஒரு அணுவை ஊசியால் முட்டைக்குள் செலுத்தும் இக்ஸி முறையில் குழந்தை பெறலாம். ஆனால் பிறக்கும் ஒவ்வொரு மகனுக்கும் அதே குறை போகும், மகளுக்குப் போகாது. இதைப் புருஷனும் பெண்சாதியும் முன்பே பேசிக்கொள்ள வேண்டும்.

விந்தின் அளவே குறைவு, விந்துக்குழாய் கைக்குத் தட்டுப்படவில்லை என்று டொக்டர் சொன்னால் சி.எஃப்.டி.ஆர் என்ற மரபணுவில் மாற்றம் உண்டா என்றும் பார்ப்பார்கள். அப்போது மனைவிக்கும் பார்க்க வேண்டும். இருவரிடமும் அந்த மாற்றம் இருந்தால் குழந்தைக்குக் கடுமையான நுரையீரல் நோய் வரலாம்.

எல்லாம் சரி என்று வந்தாலும் குறையின் காரணம் தெரியாமலே போவது உண்டு. டொக்டரிடம் போகும்போது இரண்டு விந்து ரிப்போர்ட்டையும் எடுத்துக்கொள், மனைவியையும் கூட்டிப் போ. அம்மா வெளியே பெஞ்சில் இருக்கட்டும்.