மூட்டைக் குறியும் குத்தூசியும்: உங்கள் கோப்பை எந்தச் செயலி திறக்கிறது?

காட்பாடியில் நான் நடத்தும் ஜெராக்ஸ் கடைக்குக் குடியாத்தத்திலிருந்து ஒரு கல்லூரி மாணவி வந்தாள். வேலைக்கு விண்ணப்பித்த இடத்தில் அவளுடைய பயோடேட்டா திறக்கவில்லையாம். பென் டிரைவைச் செருகினேன். பெயர் '.பிடிஎஃப்' என்று ஒழுங்காகத்தான் முடிந்திருந்தது. இரண்டு முறை கிளிக் செய்தால் பிழைச் செய்திதான் வந்தது. "வேர்டில்தான் அடித்தேன் அண்ணா. பிடிஎஃப் கேட்டார்கள், அதனால் பெயரை மாற்றினேன்" என்றாள்.

அவள் செய்தது என்ன என்று புரிய, வேலூர் மண்டித் தெருவுக்குப் போக வேண்டும். லாரியிலிருந்து அரிசி மூட்டை இறக்குபவர் அதை அவிழ்த்துப் பார்ப்பதில்லை. மேலே மையில் போட்ட குறியைப் பார்ப்பார், அந்தக் கடையில் கொண்டுபோய்ப் போடுவார். விண்டோஸும் அப்படித்தான். கோப்பின் பெயரில் கடைசிப் புள்ளிக்குப் பின்னால் இருக்கும் வால்தான் அதற்குக் குறி. 'ரெஜிஸ்ட்ரி' என்ற பெரிய பேரேட்டில் எந்த வாலுக்கு எந்தச் செயலி என்று எழுதியிருக்கும். குறியை அழித்து வேறு குறி போட்டால் மூட்டை வேறு கடைக்குப் போகுமே தவிர, உள்ளே இருக்கும் அரிசி கோதுமை ஆகிவிடாது.

முதல் வேலையாக அந்த வாலைக் கண்ணுக்குத் தெரியும்படி செய்யுங்கள். விண்டோஸ் அதை மறைத்தே வைத்திருக்கிறது. இந்த வழக்கத்தை நான் மன்னிப்பதாக இல்லை. 2000 மே மாதம் உலகைச் சுற்றி வந்த 'ஐ லவ் யூ' வைரஸ், '.டிஎக்ஸ்டி' என்று முடியும் சாதாரணக் கடிதம்போல வந்தது. அதற்குப் பின்னால் இருந்த, இயங்கும் நிரலைக் குறிக்கும் '.விபிஎஸ்' பலர் கண்ணில் படவே இல்லை. விண்டோஸ் 11 என்றால் ஃபைல் எக்ஸ்புளோரரைத் திறந்து, மேலே 'வியூ', அதில் 'ஷோ', அதற்குள் 'ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்'. விண்டோஸ் 10-இல் 'வியூ' பட்டையிலேயே அந்தப் பெயரோடு ஒரு கட்டம் இருக்கும், டிக் செய்யுங்கள்.

அடுத்தது செயலியை மாற்றுவது. பிடிஎஃப் எல்லாம் பிரவுசரில் திறக்கிறது, உங்களுக்கு வேறு செயலி வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். கோப்பின் மேல் வலது கிளிக் செய்து 'ஓப்பன் வித்', பிறகு 'சூஸ் அனதர் ஆப்'. செயலியைத் தேர்ந்தெடுத்ததும் இங்கே ஒரு கணம் நில்லுங்கள். 'ஜஸ்ட் ஒன்ஸ்' அழுத்தினால் இந்த ஒரு தடவைக்கு மட்டும். 'ஆல்வேஸ்' அழுத்தினால் பேரேட்டிலேயே மாறிவிடும். விண்டோஸ் 10-இல் 'ஆல்வேஸ்' என்பது கீழே ஒரு டிக் கட்டமாக இருக்கும். அதைக் கவனிக்காமல் விட்டுவிட்டு, "மாற்றினேன், மறுபடியும் பழையபடி ஆகிவிட்டது" என்று வருபவர்கள்தான் என் கடையில் அதிகம்.

'செட்டிங்ஸ்', 'ஆப்ஸ்', 'டிஃபால்ட் ஆப்ஸ்' வழியாகவும் போகலாம். விண்டோஸ் 11-இல் மேலே உள்ள பெட்டியில் '.பிடிஎஃப்' என்று தட்டினால் போதும்.

புதிய செயலியை நிறுவியதும் "என்னை டிஃபால்ட் ஆக்குங்கள்" என்று அது கெஞ்சுவதைப் பார்த்திருப்பீர்கள். முன்பெல்லாம் கேட்காமலே பேரேட்டில் தன் பெயரை எழுதிக்கொள்ளும். 2012-இல் வந்த விண்டோஸ் 8 முதல், நீங்கள் தேர்ந்தெடுத்ததற்கு ஒரு முத்திரையும் சேர்த்து வைக்கப்படுகிறது. முத்திரை பொருந்தாவிட்டால் அந்தப் பதிவு செல்லாது.

மேக் வைத்திருப்பவர்கள் கோப்பைத் தேர்ந்தெடுத்து கமாண்ட், ஐ இரண்டையும் சேர்த்து அழுத்துங்கள். வரும் சன்னலில் 'ஓப்பன் வித்' பகுதியில் செயலியை மாற்றி, 'சேஞ்ச் ஆல்' அழுத்துங்கள். அதை விட்டுவிட்டால் அந்த ஒரு கோப்புக்கு மட்டுமே மாறும். பழைய மேக்கில் வாலே தேவைப்படவில்லை. வகைக்கு நான்கு எழுத்து, உருவாக்கிய செயலிக்கு நான்கு எழுத்து என்று ஒவ்வொரு கோப்போடும் மறைவாக ஒட்டியிருக்கும். அதனால் ஒரே வகைக் கோப்புகள் இரண்டு இருந்தாலும் அதது பிறந்த வீட்டிலேயே திறக்கும். அழகான ஏற்பாடு. உருவாக்கிய செயலியின் குறியைப் பார்ப்பதை 2009-இல் 'ஸ்னோ லெப்பர்ட்' என்ற மேக் பதிப்போடு ஆப்பிள் கைவிட்டது.

இன்னொரு இயங்குதளமான லினக்ஸ்தான், மூட்டையைக் குத்திப் பார்த்து வாங்கும் மண்டிக்காரரைப் போல. முதலில் பெயரைப் பார்க்கும். வால் இல்லை, அல்லது ஒரே வாலுக்கு இரண்டு வகை வருகிறது என்றால், குத்தூசியை மூட்டையில் குத்தி நாலு மணியை எடுத்துப் பார்க்கும். ஒரு புகைப்படத்தின் வாலை வெட்டிவிட்டுத் திறந்து பாருங்கள். படம் என்று கண்டுபிடித்துவிடும். செயலியை மாற்ற இங்கும் வலது கிளிக், 'ஓப்பன் வித்'. இந்த வகைக்கு எப்போதும் இதுவே என்று சொல்லும் பொத்தானை மறக்காமல் இயக்குங்கள்.

அந்தக் குத்தூசி வேலையை விண்டோஸிலேயே கையால் செய்யலாம். மாணவியின் கோப்பை நோட்பேடில் திறந்தேன். உண்மையான பிடிஎஃப் என்றால் முதலில் சதவிகிதக் குறியும் பி, டி, எஃப் என்ற எழுத்துகளும் இருக்கும். இதில் இருந்தவை பி, கே. பல கோப்புகளை ஒன்றாகச் சுருக்கிக் கட்டும் ஜிப் வடிவத்தை உருவாக்கிய ஃபில் காட்ஸின் முதலெழுத்துகள் அவை. வேர்டின் '.டாக்எக்ஸ்' கோப்பு உண்மையில் ஒரு ஜிப் மூட்டைதான். நம்பிக்கை இல்லையென்றால் ஒரு நகல் எடுத்து வாலை '.ஜிப்' என்று மாற்றித் திறந்து பாருங்கள்.

பெயரைப் பழையபடி '.டாக்எக்ஸ்' ஆக்கி, வேர்டில் திறந்து, 'சேவ் ஆஸ்' போய் வகைப் பட்டியலில் பிடிஎஃப்-ஐத் தேர்ந்தெடுத்துச் சேமித்தேன். இப்போது நோட்பேடில் சதவிகிதக் குறி வந்தது. அதை அவளிடம் காட்டினேன். "அப்படியென்றால் மார்க் ஷீட்டும் போய்விட்டதா அண்ணா?" என்று கேட்டாள். '.ஜேபிஜி'யாக இருந்த அதற்கும் '.பிடிஎஃப்' என்று வால் வைத்துத்தான் அனுப்பியிருந்தாள்.