பொத்தானும் நாடாவும் வைத்து டிஎன்ஏ நகலெடுப்போம்

தாராவி நைன்ட்டி ஃபீட் ரோட்டுப் பக்கம் குடியிருப்பதில் ஒரு லாபம் உண்டு. தையல் கடையில் போய்க் கேட்டால் மிச்சப் பொத்தானைக் கை நிறைய அள்ளிக் கொடுப்பார்கள். பன்னிரண்டாவது படிக்கிற அக்கா மகள், "சித்தி, டிஎன்ஏ நகலெடுப்புல வர்ற அந்த லேகிங் ஸ்ட்ராண்டு மட்டும் மண்டையில ஏறவே மாட்டேங்குது" என்று வந்து உட்கார்ந்தபோது நான் எடுத்தது அந்தப் பொத்தான் டப்பாவைத்தான்.

தேவையானவை: முழ நீளத்தில் வெள்ளைப் பாவாடை நாடா இரண்டு, சிவப்பு நாடா இரண்டு, ஃபெவிகால், நூல், கத்தரி, ஸ்கெட்ச் பேனா, தையல் சாக்பீஸ். பெரிய கோட்டுப் பொத்தானில் கறுப்பு 12 (ஏ, அடினின்), பழுப்பு 8 (ஜி, குவானின்). சின்னச் சட்டைப் பொத்தானில் வெள்ளை 12 (டி, தைமின்), நீலம் 8 (சி, சைட்டோசின்).

டிஎன்ஏ ஒரு முறுக்கிய ஏணி. இரண்டு பக்கக் கம்புகள்தான் நாடா, படிகள்தான் இந்த நான்கு எழுத்துகளின் ஜோடி. பெரிசு, சின்னது என்று பிரித்ததற்குக் காரணம் இருக்கிறது. ஏ, ஜி இரண்டும் இரட்டை வளைய மூலக்கூறுகள். டி, சி ஒற்றை வளையம். எப்போதும் ஒரு பெரிசும் ஒரு சின்னதும் சேர்ந்தால்தான் ஏணியின் அகலம் மாறாமல் 2 நானோமீட்டரில் நிற்கும்.

முதலில் அம்பு. பொத்தானைத் தொடும் முன் ஒரு வெள்ளை நாடாவில் இடமிருந்து வலமாக அம்புக்குறி போடுங்கள். அம்பின் வால் 5 முனை, தலை 3 முனை. நாடாவில் கோத்திருக்கும் சர்க்கரை மூலக்கூறின் எந்தக் கார்பன் அந்த முனையில் நிற்கிறது என்பதே இந்த எண். இன்னொரு வெள்ளை நாடாவில் வலமிருந்து இடமாக அம்பு. சயான் ஸ்டேஷனில் வி.டி. போகிற தண்டவாளமும் கல்யாண் போகிற தண்டவாளமும் அருகருகேதான் ஓடுகின்றன, திசைதான் எதிரெதிர். அப்படித்தான் இதுவும். நான் முதல் தடவை செய்தபோது இரண்டு அம்பையும் ஒரே பக்கம் போட்டுவிட்டேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது. நகலெடுக்கும்போதுதான் குட்டு உடைந்தது.

அடுத்து ஜோடி. மேல் நாடாவில் இடமிருந்து ஏ-டி-ஜி-சி-சி-டி-ஏ-ஏ-ஜி-டி என்று பொத்தான்களை ஒட்டுங்கள். கீழ் நாடாவில் ஒவ்வொன்றுக்கும் நேர் கீழே அதன் ஜோடி: டி-ஏ-சி-ஜி-ஜி-ஏ-டி-டி-சி-ஏ. ஏ-டி ஜோடியை இரண்டு நூலாலும் ஜி-சி ஜோடியை மூன்று நூலாலும் கட்டுங்கள். இந்த நூல்தான் ஹைட்ரஜன் பிணைப்பு. ஜி-சி அவிழ்க்கக் கடினம். பாக்டீரியாவில் நகலெடுப்பு தொடங்கும் இடத்தில் ஏ-டி அதிகம் இருப்பது சும்மா இல்லை.

இப்போது ஏணியை முறுக்குங்கள். நிமிர்த்திப் பிடித்தால் முன்பக்கம் தெரியும் நாடா இடமிருந்து வலமாக மேலேற வேண்டும், சாதாரண திருகாணியின் மரை போல. இதை எதிர்ப்பக்கமாக முறுக்கி அச்சடித்த படங்கள் ஏராளம். ஒரு முழுச் சுற்றுக்குச் சுமார் 10.5 ஜோடி. ரோசலிண்ட் ஃபிராங்க்ளினின் எக்ஸ்ரே படங்களின் துணையோடுதான் வாட்சனும் கிரிக்கும் 1953-ல் இந்த வடிவத்துக்கு வந்தார்கள்.

நகலெடுப்பு. முறுக்கைப் பிரித்து, இடப்பக்கத்திலிருந்து ஐந்து ஜோடியின் நூலை மட்டும் வெட்டுங்கள். கத்தரிதான் ஹெலிகேஸ், ஜோடியைப் பிரிக்கும் என்சைம். பொத்தான் வைக்கும் உங்கள் கைதான் பாலிமரேஸ், புது எழுத்தைச் சேர்க்கும் என்சைம். அதற்கு இரண்டு பிடிவாதம்: புது நாடாவின் 3 முனையில்தான் பொத்தான் சேர்க்கும், வெறும் இடத்தில் வேலையைத் தொடங்கவே தொடங்காது. அதனால் பிரைமேஸ் என்ற இன்னொரு என்சைம் வந்து ஒரு சின்ன ஆர்என்ஏ துண்டை முதலில் போட்டுத் தரும். (ஆர்என்ஏ பெரும்பாலும் ஒற்றை நாடா, சர்க்கரையில் ஒரு ஆக்ஸிஜன் கூடுதல், தைமினுக்குப் பதில் யுராசில். இப்போதைக்கு இது போதும்.) நம் மாதிரியில் ஒவ்வொரு துண்டின் முதல் பொத்தானிலும் சாக்பீஸ் குறி போட்டால் அது ஆர்என்ஏ.

கீழ் நாடாவுக்குச் சிவப்பு நாடா வைத்து இடது ஓரத்திலிருந்து வலப்பக்கமாகப் பொத்தான் ஒட்டிக்கொண்டே போங்கள். நூல் வெட்ட வெட்ட இடம் கிடைக்கும், தடையே இல்லை. இது லீடிங் ஸ்ட்ராண்டு.

மேல் நாடாவில்தான் சிக்கல், லேகிங் ஸ்ட்ராண்டு இங்கேதான். புது நாடா இங்கே வலமிருந்து இடமாகத்தான் வளர முடியும், கத்தரியோ வலப்பக்கம் போகிறது. ஐந்தாவது பொத்தானில் தொடங்கி இடது ஓரம் வரை வருகிறீர்கள், நிறுத்துகிறீர்கள். கத்தரி அடுத்த ஐந்தை வெட்டியதும் பத்தாவதுக்கு ஓடி, மறுபடி குறி போட்டு, ஆறாவது வரை திரும்பி வருகிறீர்கள். "அட, ஸ்லோ லோக்கல் ட்ரெயின் மாதிரி நின்னு நின்னு போகுது" என்றாள். பாதி சரி, வேகம் இரண்டுக்கும் ஒன்றுதான், தொடக்கங்கள்தான் அதிகம். இந்தத் துண்டுகளை 1960-களில் கண்டுபிடித்த ஜப்பானியத் தம்பதி ரெய்ஜி, சுனேகோ ஒகாசாகி பெயரில்தான் ஒகாசாகி துண்டுகள் என்கிறோம். நம் செல்களில் ஒவ்வொன்றும் 100 முதல் 200 எழுத்து நீளம்.

இனி சாக்பீஸ் குறி போட்ட பொத்தானை எடுத்துவிட்டுக் குறியில்லாததை வையுங்கள். துண்டுகளின் மூட்டை ஃபெவிகாலால் ஒட்டுங்கள், அது லைகேஸ். கையில் இப்போது இரண்டு ஏணி, ஒவ்வொன்றிலும் ஒரு வெள்ளை, ஒரு சிவப்பு. பழசு பாதி, புதுசு பாதி என்பதை 1958-ல் மெசல்சனும் ஸ்டாலும் கனமான நைட்ரஜனை வைத்து நிரூபித்தார்கள்.

எல்லாம் முடிந்தது என்று டப்பாவை மூடப் போனேன். "சித்தி, பத்தாவது பொத்தான எடுத்துட்டு வேற வைக்கச் சொன்னீங்க. அதுக்கு முன்னாடி பொத்தானே இல்லையே, கை எதைப் புடிச்சு ஆரம்பிக்கும்?"

வைக்க முடியாது. கீழ் நாடாவின் நகலில் முதல் பொத்தானுக்கும் அதே கதிதான். நம் குரோமோசோம் ஒவ்வொரு நகலிலும் ஓரத்தில் கொஞ்சம் தேய்வது இதனால்தான். அதற்காகவே முனைகளில் டிடிஏஜிஜிஜி என்ற ஆறெழுத்து ஆயிரக்கணக்கில் திரும்பத் திரும்ப நிற்கிறது. டெலோமியர் என்று பெயர். வளர்கிற பிள்ளையின் பாவாடைக்குத் தையல்காரர் உள்ளே மடித்து விடுகிற துணி மாதிரி.